ஜெனரல் ஸ்டடீஸ் டிகிரி போடலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீங்க கேட்டத நான் சரியா புரிஞ்சுகிட்டேனான்னு முதல்ல பாத்துக்கோங்க. திருச்சில பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயன்ஸ் குரூப் முடிச்சிருக்கீங்க, கிரீன் கார்டுல அப்பா அம்மாவோட பொங்கலுக்கு முன்னாடி ஃப்ரீமான்ட் வந்தாச்சு, ஆகஸ்ட்ல தொடங்கற ஃபால் செமஸ்டர்ல கம்யூனிட்டி காலேஜ் (ரெண்டு வருஷம் படிச்சுட்டு யூனிவர்சிட்டிக்கு மாறிக்கற காலேஜ்) சேரணும், கேட்லாக்ல ஜெனரல் ஸ்டடீஸ், சயன்ஸ் டெக்னாலஜி பக்கம்னு ஒரு டிகிரி இருக்கு, மேஜர் இன்னும் முடிவு ஆகல, அதனால அதுல சேந்துட்டா சேஃப்தானேன்னு கேக்கறீங்க.

சேர்றது தப்பில்ல. ஆனா அந்த டிகிரிய வச்சு பிளான் போடாதீங்க. கலிஃபோர்னியால அசோசியேட் டிகிரின்னா (கம்யூனிட்டி காலேஜ் தர்ற ரெண்டு வருஷ டிகிரி) 60 செமஸ்டர் யூனிட், நம்மூர் கிரெடிட் மாதிரி, அதுல குறைஞ்சது 18 யூனிட் ஒரே மேஜர்லயோ சயன்ஸ் மாதிரி ஒரு பிரிவுலயோ இருக்கணும், அவ்ளோதான் அடிப்படை. ஜெனரல் ஸ்டடீஸ்ல அந்த 18 யூனிட்ட அஸ்ட்ரானமி, ஜியாலஜி, இன்ட்ரோ டு கம்ப்யூட்டர்ஸ்னு ஜாலியா ரொப்பிடலாம். பேப்பர் கைக்கு வந்துரும். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர் சயன்ஸுக்கோ பயாலஜிக்கோ அப்ளை பண்றப்ப யூனிவர்சிட்டிக்காரன் கேல்குலஸ் எங்க, லேப் கெமிஸ்ட்ரி எங்கன்னு கேப்பான், டிகிரி இருக்கான்னு கேக்க மாட்டான். என் பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் டிகிரியோட போயும் மறுபடி கம்யூனிட்டி காலேஜுக்கே வந்து கணக்கு படிச்சான், பாவமா இருந்துச்சு.

அதனால பின்னாலேந்து ஆரம்பிங்க. அசிஸ்ட் டாட் ஆர்க்னு ஒரு சைட் இருக்கு, ஸ்டேட்டோடது, ஃப்ரீ. உங்க காலேஜ், போக நினைக்கற யூனிவர்சிட்டி, மேஜர் மூணையும் கொடுத்தா ஒரு பக்கம் திறக்கும். இடது பக்கம் யூனிவர்சிட்டி கேக்கற கோர்ஸ், வலது பக்கம் அதுக்கு ஈடா உங்க காலேஜ்ல இருக்கற கோர்ஸ். சில இடத்துல வலது பக்கம் 'நோ கோர்ஸ் ஆர்டிகுலேட்டட்'னு, அதாவது ஈடான கோர்ஸ் இங்க இல்லன்னு இருக்கும், அத பாத்து பயந்துராதீங்க, பக்கத்துல ஹேவர்ட்ல சாபோ காலேஜ் இருக்கு, குப்பர்டினோல டி ஆன்சா காலேஜ் இருக்கு, அந்த ஒரு கோர்ஸ மட்டும் அங்க போய் எடுக்கலாம். ஒண்ணு மட்டும் கவனம், டி ஆன்சா குவார்ட்டர் சிஸ்டம் (செமஸ்டரவிட சின்ன டெர்ம்), ஃப்ரீமான்ட்ல இருக்கற ஓலோனி காலேஜ் செமஸ்டர். கேல்குலஸ், பிசிக்ஸ் மாதிரி தொடர் கோர்ஸ்கள பாதி இங்க பாதி அங்கன்னு எடுத்தா நடுவுல ரெண்டு சாப்டர் விட்டுப்போகும், ஆரம்பிச்ச எடத்துலயே முடிங்க.

மேஜர் முடிவு ஆகலன்னா மனசுல இருக்கற ரெண்டு மேஜருக்கு, சான் ஹோசே ஸ்டேட்டுக்கும் ஏதாவது ரெண்டு யூசிக்கும் (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா கேம்பஸ்) அந்த அசிஸ்ட் பக்கங்கள பிரிண்ட் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க. எல்லாத்துலயும் பொதுவா வர்றது எதுவோ அதுதான் உங்க முதல் வருஷம். சயன்ஸ் பக்கம் எதுவா இருந்தாலும் பெரும்பாலும் கேல்குலஸ் இருக்கும், இங்க்லிஷ் இருக்கும், ஒரு லேப் சயன்ஸ் இருக்கும். இங்க்லிஷ் இப்ப எல்லா காலேஜ்லயும் ஒரே நம்பர், சி1000. பொதுப் பாடங்களுக்கு 2025 ஃபால்லேந்து கேல்-ஜெட்சின்னு ஒரே பட்டியல், யூசிக்கும் கேல் ஸ்டேட்டுக்கும் (சான் ஹோசே ஸ்டேட் மாதிரி ஸ்டேட் யூனிவர்சிட்டிங்க) சேத்து. இன்ஜினியரிங் மாதிரி மேஜருக்கு அந்த பொதுப் பாடத்த முடிக்கறதவிட கணக்கும் பிசிக்ஸும் முடிக்கறதுதான் முக்கியம், இத நிறைய பேர் தலைகீழா பண்றாங்க.

ஏன் இவ்ளோ அழுத்தி சொல்றேன்னா எல்லாம் சங்கிலி மாதிரி. கேல்குலஸ் ஒண்ணு முடிக்காம இன்ஜினியரிங் பிசிக்ஸ் தரமாட்டான், ஜெனரல் கெமிஸ்ட்ரி ரெண்டும் முடியாம ஆர்கானிக் கிடையாது, சில கோர்ஸ் வருஷத்துல ஒரு செமஸ்டர்தான் ஓடும். ஒண்ணு தவறினா ஒரு வருஷம் தள்ளிப்போகும். யூனிவர்சிட்டி அப்ளிகேஷன் வேற, அங்க மாறிப் போறதுக்கு முந்தின வருஷம் அக்டோபர், நவம்பர்லயே போட்டாகணும். ஆறு யூசில டேக்னு சீட் உத்தரவாதம் உண்டு, பெர்க்லி, எல்ஏ, சான் டியாகோ மூணும் அதுல இல்ல, எல்லா மேஜருக்கும் கிடையாது, அதுக்கு செப்டம்பர்லயே போடணும்.

இப்ப காசு. ரெசிடென்ட்டுக்கு (கலிஃபோர்னியாவாசின்னு காலேஜ் ஏத்துக்கிட்டவங்களுக்கு) யூனிட் 46 டாலர், 12 யூனிட்டுக்கு 552. ஆனா உங்களுக்கு இந்த ஃபால்ல அது கிடைக்காது தம்பி. கிரீன் கார்டு இருந்தா போதாது, செமஸ்டர் தொடங்கற நாளுக்கு முன்னாடி கலிஃபோர்னியால ஒரு வருஷத்துக்கு மேல இருந்திருக்கணும், இல்லன்னா நான்-ரெசிடென்ட் ஃபீஸ், பல மடங்கு. நீங்க வந்த கணக்குக்கு ஜனவரி கடைசில தொடங்கற ஸ்பிரிங் செமஸ்டருக்கு சரியா வரும்னு தோணுது. அதுக்குள்ள லைசென்ஸோ ஸ்டேட் ஐடியோ, பேங்க் அக்கவுன்ட், அப்பா வீட்டு லீஸ்ல உங்க பேரு, வேலைக்குப் போனா ஸ்டேட் டாக்ஸ், இதெல்லாம் சேத்து வைங்க, காலேஜ்ல கேப்பாங்க. அதுவரைக்கும் சும்மா உக்கார வேணாம், அடல்ட் ஸ்கூல்ல இங்க்லிஷ் கிளாஸ் எடுங்க. அவசரப்பட்டு ஃபால்லயே ஃபுல் லோடு எடுத்தா அப்பா பர்ஸ்தான் அழும். ஃபாஃப்சா (அரசு படிப்பு உதவிக்கான ஃபார்ம்) போடுங்க, கிரீன் கார்டுக்கு பெல் கிரான்ட் (திருப்பித் தர வேணாத மத்திய அரசு உதவி) கேக்கலாம், ரெசிடென்ட் ஆனதும் வருமானத்த பொறுத்து ப்ராமிஸ் கிரான்ட்னு ஸ்டேட் உதவில யூனிட் ஃபீஸே தள்ளுபடி ஆகும்.

பிளஸ் டூ மார்க் போதுமான்னு கவலைப்பட்டிருந்தீங்க. 18 வயசு ஆனா யார வேணா சேத்துக்குவாங்க. பழைய மாதிரி ப்ளேஸ்மென்ட் டெஸ்ட் வச்சு எட்டாங்கிளாஸ் கணக்குல உக்கார வைக்கற கதையும் போச்சு. நம்மூர் பிளஸ் டூ கணக்கு படிச்சவங்களுக்கு கேல்குலஸ் ஒண்ணு பாதிக்கு மேல தெரிஞ்சதுதான், கேள்வி நீளமா கதை மாதிரி இருக்கும், அதுவும் அடி, இஞ்சுல, அதுக்குதான் பழகணும்.

லேப்தான் வேற உலகம். நான் ஹெச்4 விசால (ஹெச்1பி வேலைல இருக்கறவரோட குடும்பத்துக்கான விசா) இருந்தப்ப கெமிஸ்ட்ரி எடுத்தேன், நம்மூர் பழக்கத்துல ரஃப் பேப்பர்ல ரீடிங் எழுதி வச்சுகிட்டு வீட்ல அழகா ரெக்கார்ட் நோட்ல ஏத்தலாம்னு உக்காந்திருந்தேன், டீச்சர் வந்து அந்த பேப்பர எடுத்துட்டுப் போயிட்டாங்க. இங்க நேரா லேப் நோட்ல, பேனால, அப்பவே எழுதணும். தப்பா எழுதினா ஒயிட்னர் கூடாது, ஒரே கோடு போட்டு அடிச்சு பக்கத்துல சரியானத எழுதணும், அடிச்சதும் படிக்கற மாதிரி இருக்கணும். என் நோட் கண்றாவியா இருந்துச்சு, மார்க் நல்லாவே வந்துச்சு.

புக்குக்கு முழு விலை கொடுக்காதீங்க, ஷெட்யூல்ல ஜீரோ டெக்ஸ்ட்புக் காஸ்ட்னு குறி போட்ட கிளாஸ் இருக்கும், ஓப்பன்ஸ்டாக்ஸ் புக்கு நெட்ல இலவசம்.

கவுன்சிலர்கிட்ட எஜுகேஷன் பிளான் போட்டு ஓரியன்டேஷனும் முடிச்சா ரெஜிஸ்ட்ரேஷன்ல முன்னாடி தேதி கிடைக்கும், இல்லாட்டி நல்ல லேப் செக்ஷன்லாம் நெறஞ்சு போய் வெயிட்லிஸ்ட்ல நிக்கணும். கவுன்சிலர பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகாதீங்க, அந்த அசிஸ்ட் பிரிண்ட்ட கொண்டு போங்க, அரை மணி நேரம்தான் தருவாங்க. ஜெனரல் ஸ்டடீஸுக்கு தேவையான யூனிட் எப்படியும் இதுலயே சேந்துரும், கடைசில விருப்பம் இருந்தா அந்த டிகிரிக்கும் ஒரு ஃபார்ம் போட்டு வாங்கிக்கலாம்.

மனசுல கம்ப்யூட்டரா, பயாலஜியான்னு மட்டும் சொல்லுங்க, ஸ்பிரிங்குக்கு எந்த மூணு கிளாஸ் எடுக்கலாம்னு சேந்து பாக்கலாம்.