பையா, பெட்டியா?

கேள்வி: அந்தமானில் ஸ்கூபா டைவிங் போகிறேன். கேமராவுக்கு பிளாஸ்டிக் பை போதுமா, தண்ணீர் புகாத அலுமினியப் பெட்டி, அதாவது ஹவுசிங்தான் வேண்டுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: படகில் தெறிக்கும் தண்ணீருக்குப் பை சரி. கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும்; 20 மீட்டரில் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. அங்கே பையை நம்பாதீர்கள். முதல் பயணத்துக்கு பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் ஹவுசிங்கே போதும் என்பேன். அலுமினியம் உறுதிதான், விலை பல சமயம் கேமராவையே தாண்டிவிடும்.

எதை வாங்கினாலும் உயிர் மூடியில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில்தான். செவ்வாய்ப்பேட்டையில் பழுதுபார்க்க என் மேசைக்கு வந்த ஒரு கேமராவில் உள்ளெல்லாம் உப்புப் பூத்திருந்தது. ஹவுசிங்கின் வளையத்தைப் பார்த்தால், குறுக்கே ஒற்றைத் தலைமுடி! வளையத்தில் சிலிகோன் கிரீஸை லேசாகப் பளபளக்கும் அளவுக்கு மட்டும் தடவுங்கள். அப்புறம் கேமரா வைக்காமல், டிஷ்யூ பேப்பரை மட்டும் உள்ளே போட்டு மூடி, ஒரு மணி நேரம் வாளித் தண்ணீரில் அமுக்கி வையுங்கள். மிதக்கும், துணி சுற்றிய அம்மிக் குழவியை மேலே வைத்தால் அடங்கும். பேப்பர் நனையக் கூடாது.

முக்கியமாக, ஏற்காட்டிலேயே மூடிக்கொண்டு கிளம்பாதீர்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு; கடற்கரைக்கு வந்ததும் மூடி இறுகி, திறக்க அடம்பிடிக்கும். ஈரக் காற்று உள்ளே மாட்டினாலும், தண்ணீரில் குளிர்ந்து கண்ணாடி மங்கும். அங்கே போய் ஏசி அறையில் மூடுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு.