சேலத்து மருத்துவமனைப் பதிவேடுகளை வைத்து நோய்ப் போக்கையும் செலவையும் எப்படிப் படிப்பது?

முதலில் கேஸ் ஷீட்டிலிருந்து ஐந்தே விவரங்களை எடுங்கள்: சேர்ந்த தேதி, டிஸ்சார்ஜ் தேதி, ஐசிடி-10 குறியீடு (நோய்க்கான சர்வதேசக் குறியீடு), வயது, ஊரின் பின்கோடு. பெயர் வேண்டாம்.

100 படுக்கை, 30 நாள் என்றால் 3,000 படுக்கை நாட்கள். அதில் 2,400 நிரம்பியிருந்தால் படுக்கை நிரம்பல் 80 சதவீதம். டிஸ்சார்ஜ் 600 என்றால் சராசரி தங்கல் 4 நாள். தீக்காய வார்டில் இரண்டு மாதம் கிடப்பவர் ஒருவரே சராசரியை இழுத்துவிடுவார். இடைநிலை மதிப்பையும், அதாவது தங்கிய நாட்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்ணையும் பாருங்கள்.

பலர் சறுக்குவது வகுக்கும் எண்ணில்தான். மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நாமக்கல், தருமபுரியிலிருந்தும் வருகிறார்கள். மொத்தத்தைச் சேலம் மாவட்ட மக்கள்தொகையால் வகுத்தால் நோய் வீதம் பொய்யாக உயரும். ஏற்காட்டுக்காரர் கீழே இறங்கி வந்து சேர்ந்தால் அது சேலம் நகர மருத்துவமனையின் கணக்கில் ஏறும். 636601 என்ற பின்கோடு இல்லாவிட்டால் மலையில் நோயே இல்லாததுபோல் தெரியும்.

எண்ணிக்கை குறைந்தால் நோய் குறைந்ததாக அர்த்தமில்லை. 2021-இல் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் பிபி, சுகர் மாத்திரை வீட்டுக்கே போகிறது. 2022-இல் நாமக்கல்லில் மருத்துவக் கல்லூரி திறந்தது. இரண்டுமே சேலத்து ஓபி வரிசையைக் குறைக்கக்கூடியவை.

செலவுக்கு, காப்பீட்டுத் திட்டத்தின் பேக்கேஜ் தொகையை (ஒவ்வொரு சிகிச்சைக்கும் முன்கூட்டியே நிர்ணயித்த தொகை) அப்படியே எடுக்காதீர்கள். அது திட்டம் தரும் பணம், ஆன செலவு அல்ல. சம்பளம், மருந்து, மின்சாரம், சலவை எல்லாவற்றையும் வார்டுவாரியாகப் பிரித்து, படுக்கை நாட்களால் வகுங்கள். நோயாளியின் பஸ் செலவும் இழந்த கூலியும் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. அதற்குத் தனியாக ஆளைக் கேட்டுத்தான் ஆகவேண்டும்.