மாறிலி எங்கே போனது? – கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் குடிசார் பொறியியல் மூன்றாம் வருடம் படிக்கிறேன். முதலாம் வருடக் கணிதப் பாடங்கள் இரண்டிலும் சி மைனஸ். ஒன்றில் தொகையீட்டு (integration) விடையின் கடைசியில் கூட்டவேண்டிய மாறிலியைப் போட மறந்தே புள்ளிகள் போயின. இப்போது நீர் தொடர்பான பாடங்களில் பலகையில் எழுதுவது விளங்குவதில்லை. இரண்டையும் மீண்டும் எழுதவா? எழுதினாலும் சி-க்கு மேல் கிடைக்காது என்கிறார்கள். கணக்கெல்லாம் கணினி செய்யும், விடு என்கிறார் வெளிநாட்டில் இருக்கும் அண்ணா. நீங்கள் கணித ஆசிரியராக இருந்தவர் என்பதால் கேட்கிறேன்.

அன்புள்ள தம்பி,

அண்ணாவின் கதையை விடும். பெறுபேற்றுச் சராசரியைப் பற்றியும் எனக்குப் பெரிய கவலை இல்லை. உமது கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மாறிலிதான். கறிக்கு உப்புப் போட மறந்தவர் போல, "போட மறந்தேன்" என்று எழுதியிருக்கிறீர். அது என்னவென்று உமக்கு ஒருவரும் காட்டவில்லை. காட்டாமல் விட்ட ஆசிரியர்களில் நானும் ஒருவன். பாஸ் பேப்பர் (கடந்தகால வினாத்தாள்) கட்டுகளை வைத்துக்கொண்டு, "கடைசியில் மாறிலியைப் போடு, இல்லாவிட்டால் புள்ளி போகும்" என்று கத்திக் கத்தியே எத்தனையோ பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

2009இல், போரால் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து முகாமில், அந்த ஆவணியில் உயர்தரப் பரீட்சை எழுதவிருந்த சில பிள்ளைகளுக்குத் தறப்பாளின் கீழ் படிப்பித்தேன். தண்ணீர் லொறியான பௌசர் வந்து கறுப்புத் தாங்கியை நிரப்பிவிட்டுப் போகும். குழாய் ஒன்றுதான், வரிசையோ நீளம். வாளியோடு வரிசையில் நின்றுவிட்டு வகுப்புக்குப் பிந்தி வந்த ஒரு பிள்ளை, நான் ஏசுவதற்கு முன்பே கேட்டாள்: "சேர், முதலாவது ஆளுக்கு இருபது எண்ண வாளி நிறைஞ்சுது, எனக்கு நாப்பது எண்ண வேண்டியிருந்தது. அப்ப தாங்கியில எவ்வளவு தண்ணி மிஞ்சியிருந்திருக்கும்?"

குழாயால் நீர் வெளியேறும் வேகம் அதற்கு மேலே நிற்கும் நீரின் உயரத்தினுடைய வர்க்கமூலத்துக்கு விகிதசமம் என்பது 17ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலிய அறிஞர் தொரிசெல்லி கண்டது. வேகம் பாதியாகியிருந்தால் உயரம் கால்வாசி. அதை வாயாலேயே சொல்லிவிட்டேன். அவள் விடவில்லை. மிச்சமும் முடிய எவ்வளவு நேரம் எடுக்கும் என்றாள். நிவாரணப் பெட்டியின் மட்டை ஒன்றைக் கிழித்து அதில் தொகையிட்டோம். உயரத்தின் வர்க்கமூலம் நேரத்தோடு ஒரே சீராகக் குறைந்துகொண்டு போனது. ஆகவே முதல் முக்கால்வாசி போவதற்கு எடுத்த அதே நேரத்தைக் கடைசிக் கால்வாசியும் எடுக்கும். ஆளுக்கு ஒரு வாளி என்றால், வரிசையின் கடைசிக் கால்வாசிப் பேர் வாளி நிரப்பவே மொத்த நேரத்தில் பாதி போய்விடும். மாறிலி வரவேண்டிய இடத்தில் அவள் வெறும் எழுத்தொன்றைப் போடவில்லை. காலையில் பௌசர் விட்டுச் சென்ற நீர்மட்டத்தைப் போட்டாள். "முதல் எவ்வளவு இருந்ததெண்டு தெரியாமல் எப்பிடிச் சேர் செய்யிறது?" என்று அவள் கேட்டபோது, அத்தனை வருடம் படிப்பித்த எனக்கு வெட்கமாக இருந்தது.

உமது கேள்விக்கு வருகிறேன். பரீட்சையை மீண்டும் எழுத வேண்டாம். சி மைனஸைச் சி ஆக்குவதற்காக மறுபடியும் பாஸ் பேப்பர் பாடமாக்குவீர், அவ்வளவுதான். ஆனால் விரிவுரையாளரிடம் அனுமதி கேட்டு, முதலாம் வருட வகுப்பின் பின்வாங்கில் ஒரு தவணை போய் இருந்து, மாறும் வீதத்தை வைத்து அளவைக் கண்டுபிடிக்கும் வகையீட்டுச் சமன்பாடுகளை முதலில் இருந்து படியும். சின்னப் பிள்ளைகளோடு இருப்பதற்கு வெட்கப்படுகிறீரா? விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல வெட்கப்படுகிறவர், நாளைக்கு ஒரு குளக்கட்டின் வரைபடத்தில் எந்தத் துணிவில் கையெழுத்து வைப்பீர்? மற்றப் பாடத்தில் தாயங்கள்தான் (matrices) தொல்லை என்றால் அதற்குப் பயிற்சி போதும், வகுப்பு வேண்டாம்.

இரணைமடுக் குளம் உமக்குத் தூரமில்லை. கனகராயன் ஆறு கொண்டுவருவதில் இருந்து துருசாலும் (வயலுக்கு நீர் விடும் மதகு) வான்கதவாலும் (மிகை நீரை வெளியேற்றும் கதவு) போவதைக் கழித்தால் வருவதே குளத்தில் நீர் கூடும் வீதம். பலகையில் உமக்கு விளங்காமல் நின்ற சமன்பாடு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். 2018 மார்கழி வெள்ளத்தின்போது ஊரெல்லாம் பேசியதும் இதைத்தான். மழை தொடங்க முன்னர் ஒரு நாள் கட்டில் ஏறிப் பாரும். முகாமில் நின்ற தாங்கிக்குச் சுவர் செங்குத்து. குளம் அப்படியல்ல, நீர் இறங்க இறங்க அதன் பரப்பும் சுருங்கும். வேறு வரத்து இல்லாமல் ஒரு துருசு மட்டும் திறந்திருந்தால், வற்றுகிற நேரத்தில் பாதி கழியும்போது நீரின் உயரம் கால்வாசியாக இருக்குமா, கூடவா, குறையவா? மாறிலியோடு எழுதி அனுப்பும்.