அப்பா படங்களை எடுத்துக்கொண்டு வெளியே வாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பாம்பன்காரி, வயது 38. வீட்டுக்காரர் தெற்குவாடியில் விசைப்படகுக்குப் போகிறவர். 2013-இல் இருந்து ஃபேஸ்புக்கில் இருக்கிறேன். போன மாதம் ஒரு ராத்திரி காற்று பலமாகி மூன்று படகுகள் கரைக்கு வரத் தாமதமானது. விடிவதற்குள் ஊர்க் குழு ஒன்றில் ஒருவர் எங்கள் படகின் படத்தைப் போட்டு 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதிவிட்டார். கீழே வரிசையாக 'ஆழ்ந்த இரங்கல்'. முதலில் பார்த்தது என் மகள். காலை ஒன்பது மணிக்கு அவர் நல்லபடியாக வந்து சேர்ந்தார், வலைதான் போயிற்று. அன்றிலிருந்து அதைத் திறந்தாலே கை நடுங்குகிறது. விட்டுவிடலாம் என்றால், சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் "எவனோ செய்ததுக்கு நீ ஏன் ஓடணும்?" என்கிறார். இறந்துபோன எங்கள் அப்பாவின் படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, பழைய போன் தண்ணீரில் விழுந்து போயிற்று. கருவாடு விற்கும் பக்கமும் அதில்தான். என்ன செய்யட்டும்?
– பெயர் வேண்டாம், பாம்பன்

பதில்: விட்டுவிடுங்கள் சகோதரி. ஆனால் இன்றைக்கே அல்ல, ஒரு மாதம் எடுத்துக்கொண்டு செய்யுங்கள்.

அண்ணன் சொல்வதில் பாதி சரி. செய்தது ஒருவர்தான். ஆனால் அந்தப் பதிவு அவர் ஒருவரால் மட்டும் விடிவதற்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேரவில்லை. நண்பர்களும் உறவினர்களும் பேசிக்கொள்ளும் பதிவுகளுக்கு இனி முதலிடம் தருவோம் என்று 2018 ஜனவரியில் அந்த நிறுவனமே அறிவித்தது. கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. நடைமுறையில், எந்தப் பதிவுக்குக் கீழே ஆட்கள் நிறைய எழுதுகிறார்களோ அது இன்னும் நிறைய பேர் கண்ணில் படும். அன்று ராத்திரி மனசார வருத்தப்பட்டு 'ஆழ்ந்த இரங்கல்' என்று எழுதிய ஒவ்வொருவரும், தெரியாமலே, அந்தப் பொய்யை அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவர்களில் உங்கள் சொந்தக்காரர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் மேல் கோபம் வேண்டாம். ஆனால் கடலுக்குப் போன மனிதனுக்காக வீட்டில் ஒருத்தி விழித்திருக்கும் நேரத்தில், இப்படி ஓடுகிற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. உங்கள் மகளை நினைத்தால் இதை எழுதும்போதே நெஞ்சு அடைக்கிறது. அவளிடம் அந்த ராத்திரியைப் பற்றி உட்கார்ந்து பேசினீர்களா? இல்லையென்றால் கணக்கை மூடுவதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள்.

சரி, படங்கள். ஃபேஸ்புக் அமைப்புகளில் உங்கள் தகவல்களைப் பதிவிறக்கிக்கொள்ள ஒரு வசதி இருக்கிறது. அதில் காலத்தை 'எல்லாம்' என்றும் படத்தின் தரத்தை 'உயர்ந்தது' என்றும் வைத்துக் கேளுங்கள், தயாரானதும் அறிவிப்பு வரும், அந்த இணைப்பு சில நாட்களுக்குத்தான் இருக்கும் என்பதால் வந்தவுடனே எடுத்துவிட வேண்டும். பெரிய கோப்பாக இருக்கும், போனில் இறக்காமல் கணினி உள்ள யாரிடமாவது கொடுத்து ஒரு பென்டிரைவில் வாங்கிக்கொள்வது நல்லது. இன்னொன்று, நீங்கள் ஏற்றிய படங்கள்தான் இதில் வரும். உங்கள் மதினியோ சித்தப்பா மகனோ தங்கள் கணக்கில் போட்டு உங்களை டேக் செய்த அப்பா படங்கள் இதில் வராது. அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, சேமித்து, முடிந்தால் அவர்களிடமே அசலைக் கேட்டு வாங்குங்கள். இதற்குத்தான் ஒரு மாதம் என்றேன். அப்பாவின் நல்ல படங்களில் நாலைந்தை ஸ்டுடியோவில் கொடுத்துப் பிரதி போட்டும் வைத்துவிடுங்கள். கணக்கை மூடினாலும் மூடாவிட்டாலும் இது நடக்கட்டும்.

கருவாட்டுப் பக்கத்துக்கு நீங்கள் ஒருவர்தான் நிர்வாகி என்றால், உங்கள் கணக்கோடு அதுவும் அழிந்துவிடும். நம்பிக்கையான இன்னொருவருக்கு முழுப் பொறுப்பையும் முதலில் கொடுத்துவிடுங்கள். உங்களிடம் நெத்திலியும் மாசியும் திரும்பத் திரும்ப வாங்குகிறவர்கள் சில பேர்தான் இருப்பார்கள், அவர்கள் எண்களை வாட்ஸ்அப்பில் சேமித்தால் வியாபாரத்தில் பெரும்பங்கு உங்களோடு வந்துவிடும். புதிய வாடிக்கையாளர் குறையத்தான் செய்யும், அந்த நஷ்டம் உண்மையானது. வாட்ஸ்அப்பும் அதே நிறுவனத்துடையதுதான், 2014-இல் வாங்கினார்கள், இருந்தாலும் ஃபேஸ்புக் கணக்கை அழித்தால் அது பாதிக்கப்படாது. மெசஞ்சர் மட்டும் போய்விடும், அண்ணனோடு அதில்தான் பேச்சு என்றால் முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

தற்காலிகமாக நிறுத்திவைப்பது ஒன்று, நிரந்தரமாக அழிப்பது வேறு. முதலில் நிறுத்திவைத்துப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. ஆனால் ஏப்ரல் 15-இலிருந்து ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் வருகிறதே, அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அந்த 61 நாளும் அவர் கரையில் இருப்பார், உங்களுக்கு போனைப் பார்க்கவே தோன்றாது. அவர் கடலில் இருக்கிற ராத்திரியில், காற்று ஜன்னலை அடிக்கும்போது, கை தானாக அந்த ஃபேஸ்புக் ஐகானைத் தேடும். அந்த மாதிரி இரண்டு மூன்று ராத்திரிகளைத் தாண்டிவிட்டால் அப்புறம் அழிக்கலாம். அழிக்கச் சொன்ன பிறகும் 30 நாள் அவகாசம் தருவார்கள், அதற்குள் திரும்ப உள்ளே போய் ரத்து செய்ய முடியும். அதனால் செயலியைப் போனிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அந்த ராத்திரிகளில் செய்திக்கு என்ன வழி என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று நினைக்கிறேன். நீங்கள் அங்கே இத்தனை நாள் இருந்ததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். படகு உரிமையாளர், சங்கத்தில் ஒருவர், கூடப் போகிறவர்களின் வீடுகள், இவர்கள் எண்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். படகு தாமதமானால் அழைக்க, கடலோரக் காவல் படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டையும் மகளையும் மனப்பாடம் செய்ய வைத்துவிடுங்கள். காற்று நிலவரத்துக்கு உங்கள் ஊரிலேயே கடல் ஓசை வானொலி இருக்கிறது. கூடப் போகிறவர்களின் வீட்டுப் பெண்களோடு ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: யாருக்கு எது தெரிந்தாலும், யாரிடமிருந்து தெரிந்தது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். உங்கள் படகு விஷயத்தில் அன்று விடியும் முன் ஒருவராவது அதைக் கேட்டிருந்தால் மகள் அந்தப் படத்தைப் பார்த்திருக்க மாட்டாள்.

கேள்வி: நானும் விலகப் போகிறேன். 'போகிறேன்' என்று பதிவு போட்டுச் சொல்லிவிட்டுப் போகலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தொண்டி

பதில்: சொல்லாமல் போனால் உடம்புக்கு என்னவோ என்று உங்கள் மாணவர்கள் பதறுவார்கள், அதனால் சொல்லுங்கள். ஒரே வரி போதும். "ஏன் சார், போகாதீங்க சார்" என்று பதில்கள் வரும், அதற்கெல்லாம் விளக்கம் எழுத உட்கார்ந்தால் இன்னும் ஆறு மாதம் அங்கேதான் இருப்பீர்கள். போன் எண்ணைப் பொதுவில் போட வேண்டாம், வேண்டியவர்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். நீங்கள் அனுப்பிய செய்திகள் கணக்கு போன பிறகும் அவர்கள் பெட்டியில் இருக்கும், பத்து வருடம் கழித்து ஒருவர் தேடினாலும் எண் கிடைக்கும்.