கட்ச்: வெள்ளை ரண் மட்டும் போதுமா?

கேள்வி: டிசம்பர் கடைசியில் ஐந்து நாள் குஜராத்தின் கட்ச் பகுதிக்குப் போகிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் எழுபது வயதை ஒட்டி இருக்கும். வெள்ளை ரண்ணில் கூடார நகரத்தில் தங்கினாலே போதும், மற்றதெல்லாம் அலைச்சல் என்கிறார்கள். சரியா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: போதாது. ரண் அழகுதான். மழைக்காலத்தில் ஏறி நிற்கிற தண்ணீர் மெல்ல வற்றி, டிசம்பர் வாக்கில் கண்ணுக்கெட்டிய தூரம் உப்பு மட்டும் வெள்ளையாகப் படிந்து கிடக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போய் சூரியன் இறங்குவதைப் பார்த்து, இருட்டும்வரை இருந்துவிட்டுத் திரும்பினால் நிறைவாக இருக்கும். அதற்கு அனுமதிச் சீட்டு வேண்டும், அடையாள அட்டையை மறக்காதீர்கள். ஆனால் இதற்காக மூன்று நாள் கூடாரத்தில் பணத்தைக் கொட்ட வேண்டாம். பக்கத்துக் கிராமங்களில் புங்கா (bhunga) என்கிற வட்ட மண்வீடுகளிலேயே தங்கலாம், உள்சுவரில் களிமண்ணோடு சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகள் பதித்திருப்பார்கள், ராத்திரி ஒரு விளக்குப் போட்டால் சுவர் முழுக்க மினுங்கும்.

மிச்சமாகும் நாளை தோலாவிராவுக்குக் கொடுங்கள். 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமான ஹரப்பா காலத்து நகரம் அது. காவ்டா வழியாகப் போனால் ரண்ணின் நடுவே, இரண்டு பக்கமும் வெள்ளையாக, சாலை நேராக ஓடும். அந்தப் பயணமே ஒரு சுகம். நகரத்தில் என்னை அசர வைப்பது தண்ணீர். மழை பெய்தால் மட்டும் ஓடுகிற மன்சர், மன்ஹர் என்ற இரண்டு ஓடைகளைத் தடுத்துத் திருப்பி, ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய குளங்களில் தேக்கியிருக்கிறார்கள். சில இடங்களில் பாறையையே குடைந்திருக்கிறார்கள். கிழக்குப் பக்கக் குளத்தின் மூலையில் படிக்கட்டு இருக்கிறது, நம் ஊர்த் தெப்பக்குளம் மாதிரியே இருக்கும். சுற்றிலும் குடிக்க முடியாத உப்பு நிலம், நடுவில் நாலாயிரத்து ஐந்நூறு வருடங்களுக்கு முன்னால் ஒரு மழையைக்கூட வீணாக்காத மனிதர்கள்! நிழல் கிடையாது, அதனால் பெற்றோரைக் காலையிலேயே கூட்டிப் போங்கள். மேட்டில் ஏற முடியாவிட்டால் அவர்கள் நுழைவாயில் அருங்காட்சியகத்தில் உட்காரட்டும்.

கேள்வி: புஜ் நகரத்தில் என்ன பார்க்கலாம்? மர அச்சால் பதிக்கும் அசல் அஜ்ரக் துணி எங்கே வாங்கலாம்?
– வாசகர், கோவை

பதில்: ஐனா மஹால், பிராக் மஹால் என்ற இரண்டு பழைய அரண்மனைகளும் அடுத்தடுத்து இருக்கின்றன. 2001 நிலநடுக்கத்தில் இரண்டுமே அடி வாங்கியவை. ஐனா மஹாலின் கண்ணாடிக் கூடத்தை அவசரப்படாமல் பாருங்கள். நிலநடுக்கத்தில் இறந்தவர்களின் நினைவாக புஜியா குன்றில் அமைந்த ஸ்மிருதிவனத்துக்கும் அரை நாள் வேண்டும்.

துணிக்கு நேராக அஜ்ரக்பூர் போங்கள், பக்கம்தான். தமட்கா கிராமத்தில் இருந்த அச்சுக்காரர்கள் நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவாக்கிய ஊர் இது. பழைய ஊரின் தண்ணீரில் இரும்புச்சத்து கூடி, சாயம் சரியாகப் பிடிக்காமல் போனதுதான் காரணம். பட்டறைக்குள் விடுவார்கள். அவுரித் தொட்டியில் முக்கி எடுத்த துணி முதலில் பச்சையாக இருக்கும், காற்றுப் பட்டதும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நீலமாக மாறும். அதைப் பார்த்த பிறகு அந்தத் துணியில் பேரம் பேச மனசு வராது, பேசவும் வேண்டாம்.

கேள்வி: லக்பத் கோட்டை அவ்வளவு தூரம் போகத் தகுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: தகும், ஒரு முழு நாள் இருந்தால். துறைமுகமாகச் செழித்த ஊர். 1819 நிலநடுக்கத்தில் சிந்து நதியின் கிளை விலகிப் போக, வணிகமும் போய்விட்டது. மதில் மட்டும் அப்படியே நிற்கிறது, உள்ளே சில வீடுகளும் ஒரு பழைய குருத்வாராவும். அதே பக்கம்தான் நாராயண் சரோவர் என்ற புனிதக் குளமும் கோட்டேஷ்வர் சிவன் கோயிலும். மூன்றையும் சேர்த்துப் போங்கள். விடியற்காலையில் கிளம்பி, பெட்ரோலைப் புஜ்ஜிலேயே நிரப்பிவிடுங்கள்.