கேள்வி-பதில்: ஸ்கிரிப்ட் எத்தனை சுற்று முடித்தது?

இந்தமுறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், விளையாட்டைத் தானாக ஓட்டும் ஸ்கிரிப்டில் முன்னேற்றத்தைக் காட்டுவது பற்றியவை. பழைய எச்சரிக்கையை மறுபடியும் சொல்கிறேன்: நீங்கள் தனியே ஆடும் ஓஃப்லைன் விளையாட்டுக்குத்தான் இது. ஓன்லைனில் மற்றவர்களோடு ஆடும்போது ஸ்கிரிப்டை ஓட்டி, அதனால் உங்கள் கணக்கு முடக்கப்பட்டால் எனக்கு எழுதாதீர்கள்.

கே: ஓட்டோஹொட்கீயில் (விண்டோஸில் கிளிக், விசை வேலைகளைத் தானாகச் செய்விக்கும் மென்பொருள்) டூல்டிப் (திரையில் மிதக்கும் சிறு குறிப்புப் பெட்டி) போட்டனான். திரையில ஒண்டும் தெரியேல்லை. (கொக்குவில்)

வெர்ஷன் எழுதவில்லை, விளையாட்டு எந்த மோடில் ஓடுகிறது என்றும் எழுதவில்லை. ஊகித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. விளையாட்டு முழுத்திரையையும் தனக்கே எடுத்துக்கொள்ளும் எக்ஸ்குளூசிவ் ஃபுல்ஸ்கிரீனில் டூல்டிப் பெரும்பாலும் விளையாட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும். விளையாட்டின் செட்டிங்கில் போர்டர்லெஸ் விண்டோவுக்கு (திரையை நிரப்பும் ஓரமில்லாத சாளரம்) மாற்றுங்கள். ஸ்கிரிப்ட் முடிந்தாலும் டூல்டிப் கூடவே போய்விடும் என்பதையும் கவனியுங்கள்.

கே: டூல்டிப் சேர்த்த பிறகு ஸ்கிரிப்ட் 'வெற்றி' பட்டனைக் கண்டுபிடிக்குதில்லை. முந்தி நல்லா ஓடினது. (சாவகச்சேரி)

உங்கள் டூல்டிப்தான் பட்டனை மறைத்துக்கொண்டு நிற்கிறது. இடம் சொல்லாவிட்டால் அது மவுஸ் அம்புக்குப் பக்கத்தில் வரும், அதாவது நீங்கள் கிளிக் செய்யும் இடத்திலேயே. படம் தேடும் கட்டளை திரையில் தெரிவதைத்தான் படிக்கும், கீழே மறைந்திருப்பதைப் படிக்காது. டூல்டிப்பின் இடத்தைச் சொல்லும் ஆயத்தொலைவை, சாளரத்திலிருந்து அல்லாமல் முழுத்திரையிலிருந்து அளக்கும்படி மாற்றி, ஸ்கிரிப்ட் ஒருபோதும் தேடாத மூலையில் டூல்டிப்பை வையுங்கள்.

கே: இரவிரவா ஓடி 500 சுற்று முடிஞ்சுது எண்டு காட்டினது. விடிய எழும்பிப் பாத்தால் விளையாட்டில 12 சுற்றுத்தான் இருக்கு. கணக்கு எங்க பிழைச்சது? (மானிப்பாய்)

கணக்கு பிழைக்கவில்லை. 500 தடவை கிளிக் செய்தது உண்மை; ஸ்கிரிப்ட் எண்ணியது அதைத்தான். கிளிக் வரிக்கு அடுத்த வரியிலேயே எண்ணிக்கையைக் கூட்டும் இந்தப் பழக்கத்தை எத்தனை தடவை கண்டித்தாலும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. 13ஆம் சுற்றில் ஏதோ ஒரு பரிசுப் பெட்டி குறுக்கே வந்திருக்கும், அல்லது விளையாட்டு உறைந்திருக்கும். ஸ்கிரிப்டுக்கு அது தெரியாது. மிச்ச இரவு முழுக்க வெறும் இடத்தைத் தட்டிக்கொண்டு இருந்திருக்கிறது.

விளையாட்டு ஒப்புக்கொண்டதை மட்டும் எண்ணுங்கள். கிளிக் செய்தபின் முடிவுத் திரை வருகிறதா என்று அரை செக்கனுக்கு ஒருமுறை பாருங்கள். ஒரு சுற்றுக்கு வழமையாக 40 செக்கன் எடுக்குமானால் 90 செக்கன்வரை பொறுங்கள். வந்தால் வெற்றியில் ஒன்று கூடும். வராவிட்டால் தோல்வியில் ஒன்று கூடும், நேரத்தோடு லொக்கில் (நடந்ததை ஸ்கிரிப்ட் எழுதிவைக்கும் கோப்பு) ஒரு வரி, கூடவே ஒரு ஸ்கிரீன்ஷொட். தொடர்ந்து மூன்று தோல்வி என்றால் ஸ்கிரிப்ட் தானே நிற்கவேண்டும்.

முடிவுத் திரை வந்ததற்கு அடையாளமாக, அதில் அசையாத, மினுங்காத சிறு துண்டு ஒன்றை வெட்டி எடுங்கள். 40க்கு 40 பிக்சல் போதும். எண்ணிய பிறகு அந்தத் திரை மறையும்வரை காத்திருங்கள், இல்லாவிட்டால் ஒரே வெற்றியை நாலு தடவை எண்ணும். அறிக்கையில் முயற்சி, வெற்றி, தோல்வி, கடைசி வெற்றி எத்தனை நிமிடத்துக்கு முன் என்ற நாலும் இருக்கட்டும். ஒன்றுக்குத்தான் இடம் என்றால் கடைசியைப் போடுங்கள்.

கே: மிச்ச நேரம் முதலில 3 மணித்தியாலம் எண்டு காட்டுது, பிறகு 20 நிமிசம் எண்டு காட்டுது. (பருத்தித்துறை)

கடைசி 20 சுற்றின் சராசரியை எடுங்கள். முதல் ஐந்து சுற்று முடியும்வரை ஒன்றும் காட்டாதீர்கள். ஒரு சுற்றும் முடியாதபோது பூச்சியத்தால் வகுத்து ஸ்கிரிப்ட் விழுவதும் அதோடு தீரும்.

கே: பைதனில (ஒரு நிரல்மொழி) லொக் எழுதினனான். கறண்ட் போய் வந்து பாத்தால் கோப்பு வெறுமை. (காரைநகர்)

எழுதியது வட்டுக்குப் போகாமல் பஃபரில் (நினைவகத்தின் தற்காலிக இடம்) கிடந்து போயிருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பைத் திறந்து, ஒரு வரி சேர்த்து, மூடுங்கள். அதுவும் போதாதென்றால் மூடுமுன் ஃப்ளஷ் செய்து (பஃபரைக் காலிசெய்வது), பிறகு எஃப்சிங்க் (வட்டில் எழுதவைப்பது). தமிழில் எழுதுவதாயின் திறக்கும்போதே யூடிஎஃப்-8 (தமிழையும் எழுதக்கூடிய எழுத்துக் குறியாக்கம்) என்று சொல்லுங்கள். விண்டோஸில் சொல்லாமல் விட்டால் முதல் தமிழெழுத்திலேயே பிழை காட்டி நிற்கக்கூடும்.

கே: ஸ்கிரிப்ட் வேலை செய்யேல்லை. உதவவும். (ஊர் இல்லை)

எந்த ஸ்கிரிப்ட்? வெர்ஷன், விளையாட்டின் மோட், லொக்கின் கடைசி 20 வரி. மூன்றையும் அனுப்புங்கள்.

கே: ஒவ்வொரு சுற்றுக்கும் டெலிகிராமுக்கு அறிக்கை வரவேணும். கோட் இணைச்சிருக்கிறன். (உரும்பிராய்)

கோடோடு சேர்த்து போட் டோக்கனையும் (உங்கள் டெலிகிராம் போட்டை இயக்கும் இரகசியச் சாவி) முழுதாக ஒட்டியிருக்கிறீர்கள். இதை வாசித்ததும் டெலிகிராமில் போட்டுகளை நிர்வகிக்கும் போட்ஃபாதரிடம் போய் அதை ரத்துச் செய்து புதிது எடுங்கள். சுற்றுக்கு ஒன்று வேண்டாம். அரை மணிக்கு ஒன்றும், ஸ்கிரிப்ட் நின்றால் ஒன்றும் போதும். அனுப்பும் வரியில் 10 செக்கன் டைம்அவுட் (பதில் வராவிட்டால் கைவிடும் நேரம்) கட்டாயம். பைதனில் இணையத்துக்கு அனுப்பப் பயன்படும் ரிக்குவெஸ்ட்ஸ் நூலகம் தானாக டைம்அவுட் வைக்காது. இணையம் அறுந்தால் அறிக்கைக்காக ஸ்கிரிப்டே தொங்கி நிற்கும்.