நவ்ரோஜி வென்றது 3 வாக்கிலா, 5 வாக்கிலா?

கேள்வி: லண்டனில் படிக்கிறேன். தாதாபாய் நவ்ரோஜி பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு வென்ற ஃபின்ஸ்பரி சென்ட்ரல் தொகுதியின் தேர்தல் வரலாற்றை ஒரு கட்டுரைக்காகத் தொகுத்துவருகிறேன். 1892-இல் அவருடைய வாக்கு வித்தியாசம் ஒரு இடத்தில் 5 என்றும் இன்னொரு இடத்தில் 3 என்றும் இருக்கிறது. எதை எழுதுவது? அந்தத் தொகுதி இன்று எங்கே? 1895-இல் அவர் தோற்றதற்கு அவருடைய நிறம்தான் காரணமா?

பதில்: 3 என்றே எழுதுங்கள். முதலில் அறிவித்த வித்தியாசம் 5. தோற்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் பிரெடரிக் தாமஸ் பென்டன் விடவில்லை. முடிவை எதிர்த்து மனு போட்டார். மறு எண்ணிக்கையில் நவ்ரோஜிக்கு 2,959, பென்டனுக்கு 2,956 என்று நின்றது. 5 என்று எழுதியவர்கள் முதல் அறிவிப்பை வைத்து எழுதியவர்கள். அடிக்குறிப்பில் இரண்டையும் சொல்லிவிடுங்கள். வாக்குச்சீட்டுகளைத் தேடி ஆவணக் காப்பகம் ஏற வேண்டாம். 1872 வாக்குச்சீட்டுச் சட்டப்படி ஓராண்டு வைத்திருந்து அழித்திருப்பார்கள்.

அந்த 3 வாக்கின் கனம் தெரிய வேண்டுமானால் பென்டன் யார் என்று பார்க்க வேண்டும். பென்டன்வில் என்ற வட்டாரமே அவர் குடும்பப் பெயரில் உருவானது. அங்கே அவர் நிலக்கிழார், 1886 முதல் எம்.பி.யும்கூட. எதிரே பம்பாயிலிருந்து வந்த 66 வயது பார்சி. 1886-இல் பக்கத்துத் தொகுதியான ஹோபர்னில் தோற்றவர். அந்தத் தோல்வியைக் குறிப்பிட்டுத்தான் 1888-இல் பிரதமர் சாலிஸ்பரி பிரபு, பிரிட்டிஷ் தொகுதி எதுவும் ஒரு ‘கறுப்பரை’ தேர்ந்தெடுக்குமா என்று எடின்பரோ மேடையில் பேசினார். போதாததற்கு உள்ளூர் லிபரல்களே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். போட்டி லிபரல் வேட்பாளர் தேர்தலுக்குச் சற்று முன்புதான் ஒதுங்கினார். இவ்வளவையும் தாண்டி வந்த 3 வாக்கு அது. என்னைக் கேட்டால் உங்கள் கட்டுரையின் உயிர் இந்தப் பகுதிதான்.

சரி, இடம். பெயரை நம்பி ஃபின்ஸ்பரி பார்க் ஸ்டேஷனில் போய் இறங்காதீர்கள்; அது வடக்கே வெகுதூரம். கிளார்க்கன்வெல் பக்கம் போங்கள். ரோஸ்பரி அவென்யூவில் பழைய ஃபின்ஸ்பரி டவுன் ஹாலில் நவ்ரோஜி நினைவுப் பலகை இருக்கிறது, அருகிலேயே அவர் பெயரில் ஒரு தெரு. தேடும்போது ஆண்டையும் சேர்த்தே தேடுங்கள். 1832 முதல் 1885 வரை ‘ஃபின்ஸ்பரி’ என்பது இரண்டு உறுப்பினர்கள் கொண்ட பெரிய தொகுதி. அதைப் பிரித்தபோது வந்ததுதான் ஃபின்ஸ்பரி சென்ட்ரல். 1918-இல் அது ஒழிந்து, ஒற்றை உறுப்பினர் ஃபின்ஸ்பரி வந்தது. 1950-இல் ஷோர்டிச்சோடு சேர்த்தார்கள். 1974 முதல் இஸ்லிங்டன் சவுத் அண்ட் ஃபின்ஸ்பரி.

1895 விஷயத்துக்கு வருவோம். நிற வெறுப்பு இருந்தது, மறுக்க முடியாது. ஆனால் அதை மட்டும் காரணமாக எழுதினால் தப்பு. வென்றவர்களை வரிசையாகப் பாருங்கள்: 1885-இல் லிபரல் ஹோவர்ட் ஸ்பென்ஸ்லி, அயர்லாந்து சுயாட்சிப் பிரச்சினையில் லிபரல் கட்சி உடைந்த 1886-இல் பென்டன், 1892-இல் நவ்ரோஜி, 1895-லும் 1900-லும் கன்சர்வேட்டிவ் மாஸி-மெயின்வாரிங், லிபரல் அலை அடித்த 1906-இல் தொழிற்சங்கக்காரர் ஸ்டெட்மன். நாட்டில் காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கமே சாய்ந்த தொகுதி இது. 1910 ஜனவரியில்தான் அந்த வழக்கம் மாறியது. லிபரல் ஆட்சி பிழைத்தது, இங்கே கன்சர்வேட்டிவ் ஆர்ச்சர்-ஷீ வென்று 1918 வரை வைத்துக்கொண்டார்.

1895-இல் லிபரல்கள் நாடு முழுவதும் அடி வாங்கினார்கள். 3 வாக்கில் நின்றவர் அதில் தப்பியிருந்தால்தான் வியப்பு. அதே தேர்தலில், கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் நார்த் ஈஸ்ட்டில் இன்னொரு பம்பாய் பார்சியான மஞ்சர்ஜி பவ்நகரி கன்சர்வேட்டிவாக நின்று வென்றார் என்பதையும் மறக்காமல் சேருங்கள்.

அப்புறம், நவ்ரோஜியை ‘முதல் இந்திய எம்.பி.’ என்று எழுதும் முன் டைஸ் சோம்பரைப் பற்றிப் படித்துவிடுங்கள். வட இந்தியாவின் சர்தானாவை ஆண்ட பேகம் சம்ருவின் வாரிசு, இந்திய-ஐரோப்பியக் கலப்பு வம்சாவளியினர். 1841-இல் சட்பரியில் வென்றார். லஞ்சப் புகாரில் 1842-இல் அந்தத் தேர்தலே செல்லாதென்று ஆனது, 1844-இல் தொகுதியையே ஒழித்தார்கள். தேர்வாளர் கட்டாயம் கேட்கிற இடம் இது.